தொடர்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் செய்யும் தவறுகள்

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் சமயத்தில்தான், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விருதின் பரிந்துரைப் பட்டியலும் வெளியாகும். விழா நடப்பது செப்டம்பர் நடுவில், புரட்டாசி விரதத்தை ஒட்டி. இடைப்பட்ட இரண்டு மாதமும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடர்களைப் பற்றித்தான் பேச்சு. நாவலை வைத்து எடுத்த தொடர் என்றால் சூடு இன்னும் அதிகம். நானும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுகிறவள்தான். ஆனால் அந்தச் சண்டையில் பாதி, விவரம் தெரியாததால் வருவது. நாம் நேசிக்கும் தொடருக்கே அது அநியாயமாகிவிடுகிறது.

முதலில் தேதி. 2024 செப்டம்பரில் என் அண்ணன் மகள் பொங்கிவிட்டாள். "அத்தை, ஹவுஸ் ஆஃப் தி டிராகன் இரண்டாம் சீசனுக்குப் பெரிய விருது ஒன்றுகூட இல்லை, வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள்" என்றாள். யாரும் ஒதுக்கவில்லை. எம்மிக்கு ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை. அந்த சீசன் அமெரிக்காவில் தொடங்கியதே 2024 ஜூன் 16 அன்று. ஆகவே அது அடுத்த ஆண்டுப் போட்டிக்குத்தான் போகும். கோபப்படுவதற்கு முன்னால் முதல் எபிசோட் எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரிவுக் குழப்பம். நாவலைத் தழுவிய திரைக்கதைக்கு ஒன்று, புதிதாக எழுதிய திரைக்கதைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பது ஆஸ்கர். எம்மியில் நாடகத் தொடர்களுக்கு அப்படிப் பிரிவு கிடையாது. நாவலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவரும் வெறும் தாளில் ஆரம்பித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். ஜப்பானில் நடக்கும் நாவல் ஒன்றைத் தழுவிய 'ஷோகன்' 2024-இல் முதலில் ஒரே சீசனோடு முடியும் குறுந்தொடராகத்தான் வந்தது. மேலும் சீசன்கள் எடுக்கப் பேச்சு எழுந்ததும் நாடகத் தொடர் பிரிவுக்கு மாறியது. இது தெரியாமல் "அந்தப் பிரிவில் இது எப்படி வந்தது?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

அதே ஷோகன் ஒரே சீசனுக்கு 18 எம்மி வாங்கிச் சாதனை படைத்தது. இந்த எண்ணை வைத்து இரண்டு பக்கமும் தவறாகப் பேசுகிறார்கள். 18-இல் 14, முக்கிய விழாவுக்கு முன்னால் தனியாக நடக்கும் விழாவில் கிடைத்தவை. ஒளிப்பதிவு, உடை, ஒப்பனை, ஒலி போன்றவை அங்கேதான் வரும். "அதெல்லாம் சின்ன விருது, நாலுதான் கணக்கு" என்று தள்ளினால், அந்தக் கிமோனோ உடைகளைத் தைத்தவர்களின் உழைப்பைத் தள்ளுகிறோம். "18 வாங்கிவிட்டதே, இதைவிட நல்ல தொடர் இல்லை" என்பதும் சரியில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஆளுக்கொரு வேலைக்குக் கொடுத்தவை, 18-ஐயும் கூட்டினால் முழுத் தொடருக்கும் போட்ட மதிப்பெண் ஆகாது.

சரி, என்னை மிகவும் உறுத்தும் தவறுக்கு வருகிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு "இது விட்டுப்போச்சு, அது விட்டுப்போச்சு" என்று எண்ணுவது. 1975-இல் வந்த ஷோகன் நாவல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். தொடருக்குக் கிடைத்ததோ 10 எபிசோட். விடாமல் எப்படி எடுப்பது? விட்டதால் எதற்கு இடம் கிடைத்தது என்று பார்த்தால்தான் தழுவல் பிடிபடும். 1980-இல் இதே நாவல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, ஜப்பானியர் பேசியதில் பெரும்பகுதிக்கு சப்டைட்டில் இல்லை. ஆங்கிலேய மாலுமிக்குப் புரியாதது பார்ப்பவருக்கும் புரியாது. 2024-இல் பெரும்பாலான வசனம் ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு வந்தது. கதை ஒன்றுதான், யார் தோளில் நின்று பார்க்கிறோம் என்பது மாறிவிட்டது. நாவலோடு வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பெரிய மாற்றம் கண்ணில் படவே படாது.

இதனால்தான் டப்பிங்கில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். நானே முதல் இரண்டு எபிசோடை ஆங்கில டப்பிங்கில் பார்த்துவிட்டு, உயிரில்லை என்று நிறுத்தியவள். கதையின் உயிரே மரிகோ என்ற மொழிபெயர்க்கும் பெண்தான். மாலுமியின் முரட்டுப் பேச்சை அவள் ஜப்பானியப் பிரபுவிடம் பதமாக்கிச் சொல்கிறாள், சிலதைச் சொல்லாமலே விழுங்குகிறாள். எல்லோரும் ஆங்கிலம் பேசினால் அது எங்கே தெரியும்? மறுபடி மூல மொழியில் பார்த்தபோது, 1860-இலிருந்து கப்பலில் இந்த நேட்டால் கரைக்கு வந்து, கரும்புத் தோட்டத்துத் துரை சொல்வது விளங்காமல் நின்ற நம் முன்னோர்களை நினைத்துக்கொண்டேன். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல, நடுவில் நானும் ஒரு மொழிபெயர்ப்பாளி ஆகிவிட்டேன்.

வாரம் ஒன்றாக வரும் தொடரை இரண்டாம் வாரமே முடிந்த கதையாகப் பேசுவதும் வேண்டாம். மொத்தமாக ஒரே நாளில் இறங்கும் தொடரை ஒரே இரவில் பார்த்துவிட்டு, காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் முடிவைப் போடுவதும் வேண்டாம். விழா முடிவுகளும் அப்படித்தான். செப்டம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு விடியற்காலை 2. வேலைக்குப் போகிறவர் சாயங்காலம் வந்து ஆசையாகப் பார்க்கக் காத்திருப்பார்.

அப்புறம், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போவது. 2023-இல் வந்த 'ஒன் பீஸ்' ஜப்பானியக் காமிக்ஸிலிருந்து அமெரிக்க நிறுவனம் எடுத்த தொடர். ஆனால் அந்தக் கப்பல்களும் துறைமுகங்களும் எழுந்தது நம் கேப் டவுனில். எம்மியைப் பற்றி விடிய விடியப் பேசுகிற நாம், 2006-இலிருந்து நம் நாட்டுத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைஞர்களுக்குக் கொடுக்கப்படும் சாஃப்டா விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம். எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். இப்போது பட்டியல் ஓடும்போது, நம் ஊர்ப் பெயர் ஏதாவது வருகிறதா என்று பிள்ளைகள் தேடுகிறார்கள்.