விண்வெளி எவ்வளவு தின்றது? சிறு பேலோடில் கதிர்வீச்சையும் தேய்மானத்தையும் அளக்கும் முறை

ஐப்பசி மாதம், மூன்று நாளாக விடாத மழை. விண்வெளியில் ஆக்சிஜன் அணுக்கள் மோதிப் பொருள்களை அரிப்பதைத் தரையில் நகல் செய்யும் பிளாஸ்மா கலத்துக்குள், ஆக்சிஜனில் ஒரு பகல் முழுக்க வாட்டி எடுத்த காப்டன் (செயற்கைக்கோள்களில் போர்த்தும் பாலிமைடு பிளாஸ்டிக் படலம்) வில்லையைத் தராசில் வைத்தேன். அரிபட்டுக் குறைந்திருக்க வேண்டிய எடை கூடியிருந்தது. தராசைச் சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்ப அளவுதிருத்தம் செய்ததில் இரண்டு நாள் போயிற்று. பிறகுதான் குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் முறை எடை போட்டது வேக்குவம் டெசிகேட்டரிலிருந்து (காற்றை வெளியேற்றி ஈரத்தை உலர்த்தும் கலம்) எடுத்த கையோடு. இரண்டாம் முறை போட்டது வில்லை ஓர் இரவு மேசையில் திறந்து கிடந்த பிறகு. தராசில் பழுதே இல்லை, அது மழையைத்தான் எடை போட்டிருக்கிறது.

காப்டன் காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் சுமார் 2 சதவீதம் வரை இழுத்துக்கொள்ளும். இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. 25 மி.மீ. விட்டமும் 125 மைக்ரான் தடிமனும் உள்ள வில்லையின் எடை சுமார் 87 மி.கி. அதில் 2 சதவீதம் 1.7 மி.கி. அதே வில்லையின் 4 சதுர செ.மீ. பரப்பை விண்வெளிக்குத் திறந்து வைத்து, ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 10²⁰ ஆக்சிஜன் அணுக்கள் மோதினால் அரிந்து போவதும் 1.7 மி.கி.தான். நாம் தேடுகிற விடையும் மழைக்காற்றின் ஈரமும் ஒரே அளவு. அதனால் என்னிடம் வரும் கல்லூரிக் குழு எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: விண்வெளியில் அளப்பதற்கான வேலையில் முக்கால் பங்கு தரையில், ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் முடிந்தாக வேண்டும்.

சிறு செயற்கைக்கோளிலோ இஸ்ரோவின் போயம் தளத்திலோ ஒரு பெட்டி வைக்கத் திட்டமிடும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். போயம் என்பது வேலை முடிந்த பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தையே பரிசோதனைத் தளமாக்குவது. 2022 ஜூன் 30 அன்று சி53 பயணத்தில் தொடங்கியது. 2024 ஜனவரி 1 அன்று கிளம்பிய சி58-இன் போயம்-3 சுமார் 350 கி.மீ. உயரத்தில் சுற்றியது. டாண்டலம் பூச்சு கதிர்வீச்சை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் ஒரு பெட்டியும் அதில் இருந்தது. அந்தத் தளம் மார்ச் 21 அன்று வளிமண்டலத்துக்குள் விழுந்தது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது: உங்கள் மாதிரி திரும்பி வருமா? போயத்தில் வராது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளியே மாட்டினால் வரலாம். மற்ற முடிவுகள் எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தவை.

திரும்பி வருமென்றால் தராசே போதும். பொருள்களை விண்வெளியில் திறந்து வைத்துச் சோதிக்கும் நாசாவின் மிஸ்ஸே-2 பெட்டியில் 41 வகை பாலிமர்கள் போயின. அவற்றைத் தயாரிப்பதிலும் அளப்பதிலும் ஓஹியோவின் ஹாத்தவே பிரவுன் பள்ளி மாணவியர் நாசாவோடு சேர்ந்து உழைத்தார்கள். 2001-இல் நிலையத்தின் வெளியே மாட்டிய பெட்டி, 2003-இல் கொலம்பியா விபத்தால் விண்வெளி ஓடங்கள் நின்றுபோனதில், 2005-இல்தான் கீழே வந்தது. ஏறக்குறைய நான்கு வருடம். மெல்லிய படலங்களைப் பல அடுக்காக வைத்திருந்ததால், மேலடுக்கு ஓட்டையானாலும் கீழடுக்கு மிஞ்சியது. நீங்களும் அடுக்கியே வையுங்கள். பயணம் நீளாது என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

எடை போடும் முறை இது. மாதிரியை வேக்குவம் டெசிகேட்டரில் குறைந்தது இரண்டு நாள் உலர்த்துங்கள். வெளியே எடுத்த கணத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை எடை போடுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனையாவது நிமிடம் என்று எழுதுங்கள். திரும்பி வந்த பிறகும் அதே தராசு, அதே உலர்த்தும் நேரம், அதே நிமிடங்கள். கூடவே அதே சுருளிலிருந்து வெட்டிய இன்னொரு வில்லையைத் தரையிலேயே வைத்து, அதையும் இரண்டு முறையும் எடை போட வேண்டும். இதை நாங்கள் சாட்சி வில்லை என்போம். சாட்சியின் எடை மாறியிருந்தால் உங்கள் முறையில் ஏதோ கோளாறு. அதைச் சரிசெய்யாமல் விண்வெளி வில்லையைப் பற்றிப் பேசவே கூடாது.

எடை இழப்பைப் பரப்பாலும் அடர்த்தியாலும் வகுத்தால் அரிந்த ஆழம் கிடைக்கும். காப்டனின் அரிப்பு விகிதம், அதாவது ஓர் ஆக்சிஜன் அணு மோதினால் எவ்வளவு கனஅளவு போகும் என்பது, 3 × 10⁻²⁴ கன செ.மீ. என்று நன்றாக நிறுவப்பட்டது. அதனால் காப்டன் இழப்பை வைத்து மொத்தம் எத்தனை அணுக்கள் மோதின என்று கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள புதிய பொருளின் விகிதத்தை அதிலிருந்து எடுக்கலாம். காப்டனைத்தான் அளவுகோலாக வைப்பார்கள். நீங்கள் சோதிப்பது எந்தப் பொருளானாலும் பக்கத்தில் ஒரு காப்டன் துண்டு கட்டாயம் இருக்கட்டும்.

எடை காட்டாத அளவுக்கு அரிப்பு குறைவாக இருக்கும் என்று தெரிந்தால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி உண்டு. சமையலறை உப்பை மிக நுண்ணிய துகளாக மாதிரியின் மேல் படிய விடுங்கள். உப்பை ஆக்சிஜன் தின்னாது. துகளுக்கு அடியிலுள்ள இடம் மட்டும் அரிபடாமல் சிறு மேடையாக நிற்கும். திரும்பி வந்ததும் உப்பைக் கழுவிவிட்டு, மேடையின் உயரத்தை அணுவிசை நுண்ணோக்கியில் (நுண் ஊசியால் மேற்பரப்பைத் தடவி உயரம் காட்டும் கருவி) அளந்தால் அதுதான் அரிந்த ஆழம். தராசும் வேண்டாம், ஈரத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

திரும்பி வராத பெட்டிக்குக் குவார்ட்ஸ் கிரிஸ்டல் தராசு. 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும் கிரிஸ்டலின் மேல் பாலிமைடு பூசி வெளியே காட்டினால், பூச்சு அரிய அரிய அதிர்வெண் ஏறும். ஒரு சதுர செ.மீ.யில் 17.7 நானோகிராம் குறைந்தால் 1 ஹெர்ட்ஸ் ஏறும் என்பது கணக்கு. 10¹⁸ அணுக்கள் மோதினால் பாலிமைடு 30 நானோமீட்டர் போகும். சுமார் 240 ஹெர்ட்ஸ். தாராளமாக அளக்கலாம். ஆனால் 1 மைக்ரான் பூச்சு 3.3 × 10¹⁹ அணுக்களோடு தீர்ந்துவிடும். நிலையத்தின் முகப்பில் அணுக்கள் மோதும் வேகத்தை மிஸ்ஸே-2-இன் மொத்தக் கணக்கிலிருந்து வகுத்துப் பார்த்தால், அது ஆறு நாளுக்குள் நடந்துவிடும். 350 கி.மீ.யில் ஆக்சிஜன் இன்னும் அடர்த்தி. ஆகவே ஒரு கிரிஸ்டலை முதல் நாளிலிருந்தே திறந்து வையுங்கள், இன்னொன்றை மூடிக்குள் வைத்துப் பிறகு திறங்கள். மூன்றாவதைக் கடைசி வரை திறக்கவே கூடாது. ஒன்றரை மணிக்கொரு முறை வெயிலும் நிழலும் மாறும்போது வெப்பத்தாலும் அதிர்வெண் அலையும். மூடிய கிரிஸ்டலின் அலைவைக் கழித்தால்தான் அரிப்பு தனியாகத் தெரியும்.

இதற்கும் வசதியில்லாத குழுக்கள் மெல்லிய கார்பன் படலத்தின் மின்தடையைப் பார்க்கலாம். படலம் மெலிய மெலியத் தடை ஏறும். துல்லியம் குறைவுதான், ஆனாலும் முதல் முயற்சிக்குப் போதும்.

இனி கதிர்வீச்சு. சிறு பெட்டிக்கு ரேட்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரையே சொல்வேன். கேட் என்ற காலுக்குக் கீழே தடித்த ஆக்சைடு அடுக்கு உள்ள மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் அது. கதிர்வீச்சு பட்டால் ஆக்சைடுக்குள் நேர்மின்னூட்டம் சிக்கி, டிரான்சிஸ்டர் திறக்கும் வோல்டேஜ் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதே வாங்கிய டோஸைக் காட்டும், அதாவது பட்ட கதிர்வீச்சின் மொத்த அளவை. மின்சாரம் இல்லாத நேரத்திலும் அது டோஸைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மாணவர் பெட்டிக்கு இது பெரிய வரம். கேட், டிரெய்ன் என்ற இரு கால்களையும் இணைத்து ஒரு நிலையான மின்னோட்டம் கொடுத்து வோல்டேஜைப் படிக்க வேண்டும். எந்த மின்னோட்டத்தில் வெப்பத்தின் பாதிப்பு மிகக் குறைவோ அதை ஏவுவதற்கு முன் உங்கள் துண்டுகளிலேயே அளந்து தேர்ந்தெடுங்கள். மின்னோட்டம் கொடுத்து எத்தனை மில்லிசெகண்ட் கழித்துப் படிக்கிறீர்கள் என்பது எப்போதும் ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் வோல்டேஜ் மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். படிக்காத நேரத்தில் எல்லாக் கால்களையும் கிரவுண்டில் இணைத்து விடுங்கள். ஒவ்வொரு அளவோடும் பக்கத்திலுள்ள வெப்பமானியின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

வோல்டேஜ் நகர்வும் டோஸும் நேர்கோட்டில் போகாது. அதனால் அதே வேஃபரிலிருந்து (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) வந்த உடன்பிறப்புகள் சிலவற்றைக் காமா கதிர் வீசும் கோபால்ட்-60 மூலத்தில் வைத்து உங்கள் வரைகோட்டை நீங்களே போட வேண்டும். தயாரிப்பாளர் தரும் வரைகோட்டை மட்டும் நம்பிப் போன ஒரு குழுவின் முடிவை நான் கடைசி வரை ஏற்கவில்லை. அவர்கள் பறக்கவிட்டது வேறு தொகுதி. ஒரு விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம்: சிக்கிய மின்னூட்டம் நாளடைவில் கொஞ்சம் விடுபடும், சில வாரங்களில் எண் குறைவதுபோலத் தெரியும். தரையில் இருக்கும் உடன்பிறப்புகளையும் அதே வெப்பத்தில் வைத்து அளந்தால் அந்தக் கசிவைக் கழித்துவிடலாம்.

ஒரு ரேட்ஃபெட்டை மெல்லிய மூடிக்குக் கீழேயும், மற்ற இரண்டை 1 மி.மீ., 3 மி.மீ. அலுமினியத்துக்குக் கீழேயும் வையுங்கள். இந்த மூன்று எண்களின் வித்தியாசமே எலக்ட்ரான் எவ்வளவு, புரோட்டான் எவ்வளவு என்று ஊகிக்க உதவும். எலக்ட்ரானை அலுமினியம் பெருமளவு தடுத்துவிடும், வேகமான புரோட்டான் ஊடுருவிப் போகும்.

துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியும் வைப்பதானால் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1 கதையை நினைவில் கொள்ளுங்கள். 1958-இல் அதிலிருந்த, கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கைகர் குழாய் உயரே போனபோது பூஜ்யம் காட்டியது. கதிர்வீச்சு அங்கே இல்லாமலில்லை. குழாய் எண்ண முடியாத அளவுக்குக் கொட்டி, அது திணறி ஊமையாகிவிட்டது. ஜேம்ஸ் வான் ஆலன் குழு அதைப் புரிந்துகொண்டதால்தான் பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகள் நமக்குத் தெரியவந்தன. உங்கள் கருவியையும் அதன் உச்ச வரம்புக்கு மேலே கொண்டுபோய், திணறும்போது என்ன எண் காட்டுகிறது என்று தரையிலேயே பார்த்து எழுதி வையுங்கள். கதிர்வீச்சுப் பட்டை தாழ்ந்து வரும் இடமான, பிரேசிலுக்கு மேலே தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.

எங்கே வைப்பது என்பதில் நிறையக் குழுக்கள் கவனம் தவறுகின்றன. 1984-இல் ஏவி 1990-இல் திரும்பக் கொண்டுவந்த நாசாவின் எல்டெஃப் செயற்கைக்கோளில் ஒரே வெள்ளைப் பெயின்ட், ஏ-276, பறக்கும் திசையைப் பார்த்த முன்முகத்திலும் அதற்கு எதிரான பின்முகத்திலும் இருந்தது. பின்முகத்தில் புற ஊதாக் கதிர் பட்டுப் பழுப்பாகிவிட்டது. முன்முகத்தில் பழுப்பான மேல்தோலை ஆக்சிஜன் அரித்துக்கொண்டே வந்ததால் வெள்ளையாகவே நின்றது. முன்முகத்தை மட்டும் பார்த்திருந்தால் நல்ல பெயின்ட் என்று எழுதியிருப்பார்கள். இரு முகத்திலும் ஜோடியாக வைக்க இடமில்லையென்றால், ஒரு முகத்தின் விடையை மற்றதற்கும் பொருந்தும் என்று எழுதாதீர்கள்.

மாதிரிக்குப் பக்கத்தில் சிலிகோன் ஒட்டு வரக்கூடாது. அதிலிருந்து கசியும் ஆவி காப்டன் மேல் படிந்தால், ஆக்சிஜன் அதைச் சிலிகாவாக மாற்றிவிடும். கண்ணாடிபோல் மூடிய காப்டன் பிறகு அரிபடாது, உங்கள் கணக்கில் ஆக்சிஜன் குறைவாக விழும். பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு பசைக்கும் ஒயருக்கும் வேக்குவத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்த சோதனை முடிவைக் கேளுங்கள்: மொத்த இழப்பு 1 சதவீதத்துக்குள், படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள். மாதிரியைக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடியுங்கள். ஒருமுறை ஒரு மாணவரின் பெருவிரல் ரேகை பிளாஸ்மாவுக்குப் பிறகு காப்டன் மேல் புடைத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். உப்பு செய்கிற அதே வேலையை வியர்வையும் செய்திருக்கிறது.

பெட்டியை ஒப்படைக்கும் நாளில் சாட்சி வில்லைகளையும் தரை ரேட்ஃபெட்டுகளையும் ஒரே டப்பாவில் போட்டு, மேலே தொகுதி எண், கடைசி எடை, உலர்த்திய நேரம், தேதி எல்லாம் எழுதி, இருட்டான அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பயணம் முடியும் வரை மாதம் ஒருமுறை ஒரே தேதியில் திறந்து அளக்க வேண்டும். அடுத்த வருடம் நீங்கள் படிப்பு முடித்துப் போய்விடுவீர்கள் என்பதால், அளக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள்ளேயே வையுங்கள்.