படத்துக்குள் புதைத்த பெயர்

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் நான் எடுத்த யாளிப் படங்களைப் பலரும் தங்களுடையதாகப் போட்டுக்கொண்டார்கள். மூலையில் பெயர் எழுதினால் வெட்டிவிடுகிறார்கள், வெட்கமே இல்லை. ஆகவே படத்தின் புள்ளிகளான பிக்சல்களின் நிறமதிப்பை இரும எண்ணாக எழுதினால் வரும் கடைசி இலக்கத்தில், அதாவது கடைசி பிட்டில், பெயரை ஒளித்தேன். 150 என்ற நிறமதிப்பு 151 ஆனால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் செல்பேசிச் செயலி வழியாகப் போய் வந்த படத்தில் பெயரைத் தேடிப் படித்தால் வெறும் குப்பை எழுத்துகள். கோப்பின் அளவைக் குறைக்கும் ஜேபெக் சுருக்கம் முதலில் கைவைப்பதே அந்த நுண்ணிய வேறுபாடுகளில்தான்.

பிக்சலை விட்டுவிட்டு, ஜேபெக் படத்தைப் பிரிக்கும் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களின் நடுத்தர அதிர்வெண் கெழுக்களில் (மிக மெதுவாகவும் இல்லாமல், மிக நுணுக்கமாகவும் இல்லாமல் மாறும் நிறவேறுபாடுகளின் அளவைச் சொல்லும் எண்களில்), ஒவ்வோர் எழுத்தையும் பல கட்டங்களில் திரும்பத் திரும்பப் பதித்தேன். படம் ஜேபெக்கில் சுருங்கியும் பெயர் பிழைத்தது. ஓரத்தை வெட்டினால் கட்ட வரிசை பிசகும். அதற்காக, கட்டம் தொடங்கக்கூடிய 8 × 8 = 64 இடங்களையும் சோதிக்கும்படி நிரலை மாற்றிவிட்டேன்.