இம்ஹோட்டெப்: முதல் சில ஆட்டங்களில் எல்லோரும் விடுகிற பிழைகள்

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் முன்பெல்லாம் 304 என்கிற சீட்டாட்டம்தான். இப்போது அந்த மேசையைப் பிடித்திருப்பது இம்ஹோட்டெப் என்கிற போர்ட் கேம். பண்டைய எகிப்தில் நடக்கிற கதை. அவுஸ்திரேலியரான ஃபில் வாக்கர்-ஹார்டிங் வடிவமைத்து 2016இல் வெளிவந்தது. ஜெர்மனியில் கொடுக்கிற ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதுக்கு அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் இருந்த மூன்றில் இதுவும் ஒன்று. இரண்டு முதல் நாலு பேர் விளையாடலாம், முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

விளையாடிவிட்டு எழும்புகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "இன்னொரு முறை போடுவோம்" என்பவர்கள் ஒரு பக்கம். "இது சரியான வில்லங்கம் பிடித்த விளையாட்டு, நான் நினைத்த ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்கள் மறுபக்கம். அந்த மறுபக்கத்து ஆட்களோடு பலமுறை இருந்து விளையாடியிருக்கிறேன். அவர்கள் கோபத்துக்குப் பின்னால் அநேகமாக ஒரே தப்புக்கணக்குத்தான் இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டால் விளையாட்டே வேறாகத் தெரியும்.

விதி சின்னது. மொத்தம் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நாலு கப்பல் நிற்கும். உங்கள் முறை வந்தால் ஒரு வேலைதான் செய்யலாம்: குவாரியில் இருந்து மூன்று கல் வரை எடுக்கலாம், ஒரு கல்லைக் கப்பலில் ஏற்றலாம், ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டு போகலாம், அல்லது சந்தையில் எடுத்துக் கையில் வைத்திருக்கிற நீல அட்டை ஒன்றைப் பயன்படுத்தலாம். கப்பல் போய்ச் சேரக்கூடிய இடங்கள் ஐந்து: சந்தை, பிரமிட், கோயில், கல்லறை, ஒபிலிஸ்க் தூண். ஒரு சுற்றில் ஒரு இடத்துக்கு ஒரு கப்பல்தான்.

இதில் யாரும் கவனிக்காத வரி, எந்தக் கப்பலையும் யாரும் ஓட்டலாம் என்பது. அதில் உங்கள் கல் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. 

எங்கள் மருமகன் முதல்நாள் விளையாடியதை அப்படியே சொல்கிறேன். ஐந்தாவது சுற்று. நாலு கல் ஏறுகிற பெரிய கப்பலில் முன்னால் இரண்டு இடத்திலும் அவனுடைய கறுப்புக் கல். பிரமிட்டுக்குக் கொண்டுபோகக் காத்துக்கொண்டிருந்தான். பெரிய கப்பல் புறப்பட மூன்று கல்லாவது வேண்டும், ஆகவே அதுவரை அதை ஒருவரும் அசைக்க முடியாது. அக்கா தன் கல்லை மூன்றாவதாக வைத்தார். அக்காவுக்கு அடுத்த முறை என் நண்பருக்கு. அவருடைய கல் அதில் ஒன்றும் இல்லை. கப்பலை இழுத்துக்கொண்டு போய் ஒபிலிஸ்க் பக்கம் விட்டார். அங்கே மற்ற எல்லோருக்கும் ஏற்கெனவே மூன்று நாலு கல் உயரத்தில் தூண் நின்றது, மருமகனுக்கு ஒன்றுமில்லை. நாலு பேர் ஆட்டத்தில் உயரமான தூணுக்கு 15 புள்ளி, கடைசித் தூணுக்கு 1. அவன் இரண்டு கல்லும் அந்த ஒன்றுக்குப் போயின.

"மாமா, அது என்ர கப்பல்! அவர் ஏன் கொண்டு போறார்?"

இந்தக் கேள்விதான் எல்லாத் தவறுக்கும் மூலம். கல் அவனுடையது, கப்பல் பொதுச்சொத்து. கல்லை ஏற்றும்போது "இது எங்கே போக வேண்டும்" என்று மட்டும் யோசித்தால் பிழைக்க முடியாது. "இது எங்கே போனாலும் எனக்கு எவ்வளவு கிடைக்கும், அடுத்து யார் முறை, அவருக்கு இதில் என்ன லாபம்" என்று பார்க்க வேண்டும். 304இல் எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார், அவரை நம்பித் துரும்பு சொல்லலாம். இங்கே கூட்டாளி கிடையாது, ஆனால் கூட்டு இருக்கிறது. ஒரே நிறக் கல் நிரம்பிய கப்பலை மற்ற எல்லோரும் கெட்ட இடத்துக்கு அனுப்பத் துடிப்பார்கள். உங்கள் கல்லோடு வேறு இரண்டு பேருடைய கல்லும் இருந்தால், அதைக் கெடுத்தால் அவர்களுக்கும் நட்டம், ஆகவே அந்தக் கப்பல் பெரும்பாலும் ஒழுங்கான இடத்துக்குத்தான் போகும். தனியாக நிரப்ப ஆசைப்படாமல் ஆட்களோடு சேர்ந்து ஏற்றுங்கள்.

கப்பல் போக மிச்சமிருக்கிற இடங்களையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கப்பல் போய்விட்டால் நாலாவதுக்கு இரண்டே இடம்தான் பாக்கி. அந்த இரண்டும் உங்களுக்கு உதவாது என்றால் அதில் கல் ஏற்றாதீர்கள். 

சரி, கப்பல் விஷயம் போதும். அடுத்தது கல் எடுக்கிற நேரம். குவாரியில் எடுத்த கல்லை வைக்கிற உங்கள் சறுக்குப்பலகையில் ஐந்து கல்லுக்கு மேல் வைக்க முடியாது. நாலு கல்லை வைத்துக்கொண்டு குவாரிக்குப் போனால் ஒரு கல்தான் கிடைக்கும், ஒரு முறை வீணாகிவிடும். பலகை காலியான பிறகு போனாலும் நட்டம்தான், மற்றவர்கள் கப்பலில் நல்ல இடங்களைப் பிடித்துவிடுவார்கள். இரண்டு கல் மிஞ்சும்போது போவது எனக்குச் சரிவருகிறது.

புள்ளிக் கணக்கில் மூன்று இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். முதலாவது கோயில். மேலிருந்து பார்த்தால் தெரிகிற கல் ஒவ்வொன்றுக்கும் சுற்று முடிவில் 1 புள்ளி. "ஒன்றுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் சுற்றிலேயே வைத்த கல்லின் மேல் வேறு கல் ஏறும் வரைக்கும் அது ஒவ்வொரு சுற்றும் புள்ளி தரும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கடைசியில் எண்ணும்போதுதான் நம்புகிறார்கள்.

இரண்டாவது கல்லறை. அங்கே எத்தனை கல் என்பது முக்கியமில்லை, எத்தனை ஒட்டியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஒன்றுக்கு 1, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நாலுக்கு 10, ஐந்துக்கு 15. ஒட்டிய நாலு கல் 10 தரும், இரண்டிரண்டாகப் பிரிந்த நாலு கல் 6 தான் தரும். கற்கள் மேலிருந்து கீழாக மூன்று மூன்றாக நிரம்பும், ஆகவே உங்கள் கல் கப்பலில் எத்தனையாவதாக இருக்கிறது என்பதை வைத்தே அது எங்கே விழும் என்று கணக்குப் போடலாம்.

மூன்றாவதுதான் எங்கள் மேசையில் அதிகம் பேரைக் கவிழ்த்தது: சந்தையில் வருகிற ஊதா நிறச் சிலை அட்டை. அதற்கும் இதே 1, 3, 6, 10, 15 கணக்குத்தான். ஒருவர் கையில் மூன்று சிலை சேரும்வரை யாரும் பார்ப்பதில்லை. நாலாவது சிலை அவருக்கு 4 புள்ளி, ஐந்தாவது 5. ஒருவரிடம் இரண்டு சிலை வந்த உடனே, சந்தைக்குப் போகக்கூடிய கப்பலில் அவருக்கு முன்னிடம் கொடுக்காதீர்கள். முன்னால் இருக்கிற கல்லுக்குரியவர்தான் அட்டையை முதலில் தெரிவு செய்வார்.

எத்தனை பேர் விளையாடுவது நல்லது என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கிறது. இரண்டு பேர் என்றால் கணக்கு இறுகும், சதுரங்கம் மாதிரி. நாலு பேர் என்றால் உங்கள் முறை திரும்பி வருவதற்குள் மேசையின் நிலைமையே மாறிவிடும், அதை அதிர்ஷ்டம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு மூன்று பேர் ஆட்டம்தான் பிடிக்கும். ஐந்து இடங்களுக்குமான பலகைகளின் மறுபக்கத்தில் வேறு விதிகள் இருக்கின்றன. புதியவர்களோடு முதல்நாளே அதைத் திருப்பாதீர்கள். இன்னொன்று, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் விறாந்தையில் வைத்து விளையாட வேண்டாம், சந்தை அட்டைகள் முற்றத்துக்குப் போய்விடும்.

கடைசியாக, எகிப்து என்பது வெறும் படம், எந்தக் கதையை ஒட்டினாலும் ஒன்றுதான் என்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இம்ஹோட்டெப் உண்மையில் வாழ்ந்த மனிதர், மன்னர் ஜோசரின் உயர் அதிகாரி. சக்காராவில் உள்ள படிப் பிரமிட்டைக் கட்டியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். கீசாவின் பெரிய பிரமிட்டோடு அவரைச் சேர்த்துச் சொல்வது பிழை, அது அவருக்குப் பிந்தியது. கப்பலில் கல் ஏற்றுவதும் கற்பனை இல்லை. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு அதில் இருந்தது. தூராக் குவாரியில் சுண்ணக்கல் ஏற்றி, நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததை நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். மூதூருக்குப் படகு போய்வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, பத்து நாளில் எத்தனை தடவை போய் வந்தார்கள் என்பதுதான். இரண்டு அல்லது மூன்று தடவை.