பறவை உள்ள பழைய ஆங்கில ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?

லண்டன் நேஷனல் கேலரிக்கு யாரைக் கூட்டிப்போனாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பறவையைக் கடைசியாகப் பாருங்கள். படத்தில் அதை யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று முதலில் முகம் முகமாகப் போங்கள். நுழைவு இலவசம், ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் கேட்க ஆளில்லை.

ஜோசப் ரைட் 1768-இல் வரைந்த காற்றுப் பம்புப் படத்தில் தொடங்கலாம். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெள்ளைக் காக்கட்டூ, அதாவது கொண்டைக் கிளி. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். சின்னப் பெண் அண்ணாந்து பார்க்கிறாள், பெரியவள் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். இடப்பக்கம் ஒரு காதல் ஜோடி. அவர்களுக்குக் கிளியாவது ஒன்றாவது! சோதனை செய்பவரோ நம்மைப் பார்க்கிறார். அப்புறம் அவர் கையைக் கவனியுங்கள். குடுவையின் உச்சியில், வால்வின் மேல் இருக்கிறது. திறந்தால் கிளி பிழைக்கும். ஜன்னலோரப் பையன் கூண்டை இறக்குகிறானா, ஏற்றுகிறானா? ரைட் பிடிகொடுக்கவில்லை.

இனி பறவைக்கு வரலாம். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கிழக்குத் தீவுகளிலிருந்து கப்பலேறி வரவேண்டிய காக்கட்டூ அன்றைய இங்கிலாந்தில் அபூர்வம். அதைப் போய் யார் இதற்குப் பலிகொடுப்பார்கள்? அந்தக் காலத்தில் மக்கள் முன் அறிவியல் சோதனை காட்டிய ஜேம்ஸ் ஃபெர்குசன் போன்றவர்கள் உயிருள்ள பிராணிக்குப் பதில் காற்றுப்பையை வைத்தே காட்டினார்கள். ஆக, கிளி ஓவியருடைய தேர்வு. இருட்டு அறையில் அந்த வெள்ளை எப்படி எடுபடுகிறது, பாருங்கள்.

அடுத்து, ஹோகார்த் 1742-இல் வரைந்த ‘கிரஹாம் குழந்தைகள்’ படம். பையன் இசைப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுகிறான். கூண்டிலிருக்கும் கோல்ட்ஃபின்ச் என்ற சின்னப் பாடும் பறவை தன் இசையில் மயங்கித்தான் படபடக்கிறது என்று அவனுக்கு ஒரே சிரிப்பு. நாற்காலி முதுகில் தொற்றியிருக்கும் பூனையை அவன் பார்க்கவே இல்லை. இடப்பக்கம் செர்ரிக்குக் கை நீட்டும் குழந்தை தாமஸ், படம் முடியும் முன்பே இறந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு பூனையிடம் திரும்புங்கள். பிறகு, கடிகாரத்தின் மேல், காலத்தையும் சாவையும் குறிக்கும் அரிவாளோடு நிற்கும் சின்ன உருவத்தையும் தேடுங்கள்.

மனிதரே இல்லாத படங்களும் உண்டு: 1700 வாக்கில் மார்மட்யூக் கிராடக் வரைந்த மயில், வாத்து, கோழிக் கூட்டங்கள். அங்கே பறவைகளின் பார்வையையே தொடர்ந்து போகவேண்டியதுதான். எனக்கு அவை கொஞ்சம் அலங்காரமாகவே படுகின்றன. ஆனாலும் இறகு வேலைக்காகக் கிட்டே போய் ஒருமுறை பார்க்கலாம்.