வீட்டைச் சோதிக்க வருபவரை முதலில் விசாரியுங்கள்

சென்னையில் ஃப்ளாட் வாங்கும் முன் 'ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்' செய்து தருகிறோம் என்று இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். இந்த வேலைக்கென்று நம் நாட்டில் தனி லைசென்ஸ் கிடையாது. விசிட்டிங் கார்டு அடித்த எவரும் செய்யலாம். எனவே 'சர்டிஃபைடு' என்று சொன்னால், யார் கொடுத்த சான்று, என்ன படிப்பு, பதிவு எண் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

ஆர்க்கிடெக்ட் என்றால் சரிபார்ப்பது சுலபம். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கும். கவுன்சிலின் இணையதளத்திலேயே தேடலாம். சிவில் இன்ஜினியர் என்றால் சிஎம்டிஏவிலோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியிலோ பதிவு உண்டா என்று பாருங்கள். பேங்க் லோனுக்கு வரும் வேல்யூவரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் விலை போட வருபவர்.

முன்பு எழுதிய ரிப்போர்ட் ஒன்றையும் கேளுங்கள், பெயர் முகவரியை மறைத்துத் தந்தால் போதும். போட்டோவோ ஈரப்பத மீட்டர் காட்டிய அளவோ இல்லாமல் 'நிலை நன்று' என்று மட்டும் இருந்தால் அந்த ஆள் வேண்டாம். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடா? வெள்ளம் ஏறிய சுவரை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே சரக்கு தெரிந்துவிடும்.

அப்புறம், பில்டர் சிபாரிசு செய்யும் ஆளை எடுக்காதீர்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால் பில்டர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அப்போது கையெழுத்தும் பதிவு எண்ணும் உள்ள ரிப்போர்ட் கைகொடுக்கும்.