சம்பளச் சீட்டை நீங்களே சரிபார்ப்பது எப்படி

சம்பளச் சீட்டு வந்ததும் நம் பிள்ளைகள் அடியில் உள்ள கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். கைப்பேசியில் வருவதால் மறுபடி திறந்து பார்ப்பதும் இல்லை. மலேசியாவில், பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில், ஞாயிறு காலையில் நாலைந்து பேரை உட்காரவைத்து அந்தச் சீட்டை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எத்தனை மணி நேரம் ஓ.டி. (வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை) செய்தீர்கள் என்பதை அன்றன்றைக்கு இரவே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் தப்பாகத்தான் வரும். கார்டு தட்டும் மெஷின் வைத்திருக்கும் கணக்கு முதலாளியிடம் இருக்கிறது. உங்கள் கையிலும் ஒரு கணக்கு வேண்டும்.

அடுத்து வேலைக்கடிதத்தை எடுங்கள். அடிப்படைச் சம்பளம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, எது ஓய்வு நாள் என்ற மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இனி ஓ.டி. கணக்கு. அதிகம் தப்பு நடப்பது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும். அது ஒரு நாள் சம்பளம். அதை வழக்கமான வேலை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். சாதாரண நாளில் ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டிச் செய்யும் மணிக்கு 2 மடங்கு, பொது விடுமுறையில் அப்படித் தாண்டினால் 3 மடங்கு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவர்களுக்கு இந்த ஓ.டி. உரிமை உண்டு.

போன வருடம் பக்கத்து வீட்டுத் தம்பி சீட்டைக் கொண்டுவந்தான். சம்பளம் 1,700 வெள்ளி, எட்டு மணி நேர வேலை, அந்த மாதம் 40 மணி நேரம் ஓ.டி. 1,700ஐ 26ஆல் வகுத்தால் 65 வெள்ளி 38 காசு. எட்டால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் மணிக்கு 12 வெள்ளி 26 காசு. சீட்டில் 10 வெள்ளி 63 காசு போட்டிருந்தது. 30ஆல் வகுத்திருக்கிறார்கள். மணிக்கு ஒன்றரை வெள்ளிச் சொச்சம்தானே அக்கா, விடுங்கள் என்றான். வித்தியாசத்தைக் காசாகச் சுருக்காமல் அப்படியே நாற்பதால் பெருக்கச் சொன்னேன். 65 வெள்ளி 38 காசு வந்தது. சரியாக ஒரு நாள் சம்பளம். பையன் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் எச்.ஆரில் பணிவாகக் காட்டினான். அடுத்த மாதம் திருத்திவிட்டார்கள்.

இதை நான் ஏன் விடாப்பிடியாகச் சொல்கிறேன் என்றால், என் அம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு வெட்டு. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போனால் பால் வரும், எவ்வளவு போனால் மரம் காயப்படும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். வாளிகளைச் சுமந்துகொண்டு போனால் தோட்டத்துக் கணக்கர், கிராணி, பாலுக்குள் ஒரு கருவியை மிதக்கவிட்டு, எண்ணைப் பார்த்து, புத்தகத்தில் எழுதுவார். பாலில் எவ்வளவு ரப்பர் என்று சொல்லும் எண் அது. அதை வைத்துத்தான் கூலி. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

நாடுகளுக்கும் இதுதான் நடந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குப் போயின. அடுத்த வருடமே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி கண்டுபிடித்தார். மரத்தின் சொந்தக்காரர்களான பிரேசிலின் ரப்பர் வியாபாரம் சில பத்தாண்டுகளில் படுத்துவிட்டது. முறையையும் கணக்கையும் கையில் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். வெட்டியது நம் பாட்டன் பாட்டிகள்.

சரி, சீட்டுக்கு வருவோம். அடுத்தது இபிஎஃப், அதாவது ஓய்வுக்காலச் சேமநிதி. 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் உங்களிடம் பிடிப்பது 11 விழுக்காடு, முதலாளி போடுவது 13. 1,700 வெள்ளிக்கு 187உம் 221உம், மொத்தம் 408. ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்கு மட்டும் அதையும் சேர்ப்பார்கள். எனவே ஓ.டி. கூடின மாதத்தில் சொக்சோ கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம். சீட்டில் பிடித்திருக்கிறார்கள் என்பதற்காகக் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு அப்புறம் இபிஎஃப் செயலியைத் திறந்து, அந்த மாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காலத்தில் எனக்கே நாலு மாதம் பிடித்தும் கட்டாமல் இருந்தார்கள். நான் பார்த்ததோ ஒரு வருடம் கழித்துத்தான். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

தப்பு இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் என்றாலும் சரி. வாய்ச்சண்டை வேண்டாம். பதில் வராவிட்டால் லேபர் ஆபிசில் புகார் கொடுக்கலாம். போகும்போது வேலைக்கடிதம், சம்பளச் சீட்டுகள், உங்கள் நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நகலை மட்டும் கொடுங்கள், நோட்டைக் கையைவிட்டு விடாதீர்கள்.