ஓகஸ்ட் லீவில் கொழும்பை வரையப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் வரைகிற ஆட்கள் மூன்று பேர். மாமிக்கு 68 வயது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பென்சில் பிடித்தது கடைக் கணக்கு எழுத மட்டும். அக்காவின் மகள் ஓ.எல் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுக்கிறாள். நான் 47 வயதில் நீர்வர்ணம் பழகத் தொடங்கிய கணக்காளன். ஒருமுறை காசு கட்டி ஒரு பட்டறைக்குப் போனோம். எல்லோருக்கும் ஒரே பூச்சாடி. மருமகள் கொட்டாவி விட்டாள், மாமிக்குக் கை நடுங்கியது. அடுத்த லீவில் நாங்களே ஒழுங்கு செய்தோம்: இடம் ஒன்று, நேரம் ஒன்று, வேலை மட்டும் ஆளுக்கு ஏற்றது.

முதலில் புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்பார். ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். மற்ற நாட்களில் நாட்டாமிமாரின் (மூட்டை தூக்குகிறவர்களின்) கைவண்டிக்கு நடுவில் நிற்கவே முடியாது, எங்கே இருந்து வரைவது? எதிரே பூட்டிய கடை வாசற்படி நல்ல இடம். எல்லோரும் சிவப்பு வெள்ளைக் கோடுகளைக் கீழிருந்து எண்ணத் தொடங்குவார்கள்; பாதியில் களைத்து, மேலே கோபுரத்துக்குத் தாளில் இடமில்லாமல் போகும். புதிதாக வருகிறவர் ஒரே ஒரு குமிழ்க் கோபுரத்தை போல்பொயின்ற் பேனையால் வரையட்டும். கொஞ்சம் பழகினவர் கோடுகளையே விட்டுவிட்டு நிழல்களை மட்டும் பிடிக்கட்டும். நன்றாக வரைகிறவருக்கு, தெரு ஒடுங்கி ஒடுங்கிப் போகிற விதமும் மின்கம்பிகளும். மாமி நிமிர்ந்து பார்த்து, “இது மாதுளம்பழம் தானே தம்பி!” என்றார். அப்படியே வரைந்தார். மூன்று படத்திலும் அதுதான் வடிவு.

வர்ணம் பூசுகிறவர்களுக்குக் கொழும்பில் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம். பூசின தாள் இலேசில் காயாது. அவசரப்பட்டு மேலே இரண்டாவது பூச்சுக் கொடுத்தால் சேறுதான். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம். நான் இரண்டு தாள் வைத்து மாறி மாறிப் பூசுவேன். தாள் 300 ஜிஎஸ்எம் தடிப்பில் எடுங்கள், விலைதான், ஆனால் அப்பளம் மாதிரி நெளியாது.

காலிமுகத்திடலுக்குப் பின்னேரம் ஐந்தரைக்குப் போனால் போதும். ஒரு தாளை நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஐந்து நிமிடம், வானத்தை மட்டும். புதியவருக்குக் கடல் கோடும் இரண்டு நிறமும் போதும். காற்றுக்கு நாலு கிளிப் வேண்டும். இஸ்ஸோ வடை, அதாவது இறால் வடை, சாப்பிடுவது வரைந்து முடித்த பிறகுதான். எண்ணெய் விரல் பட்ட இடத்தில் வர்ணம் பிடிக்காது. எனக்கு ஒரு முழு வானமே அப்படிப் போனது.

துறைமுகம், காவலரண் பக்கம் கொப்பியைத் திறக்காதீர்கள். கொழும்புக் கோட்டையில் ஒரு காவலாளி எங்கள் கொப்பியைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

மழை பிடித்தால் பார்ன்ஸ் பிளேசில் சபுமல் மன்றம் இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் தொடங்கிய ‘43 குழு’ ஓவியர்களின் படங்கள் சுவர் முழுக்க. திறந்திருக்கிற நேரத்தையும், பார்த்து வரையலாமா என்பதையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர் என்றால் காலிக்கு ரயில். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி வலப்பக்க யன்னலைப் பிடித்தால் பெரும்பகுதி வழி கடல்தான். ஆடுகிற பெட்டியில் நேர்கோடு வராது. பேனையை எடுக்காமல் ஒரே கோடாக இழுங்கள், அந்த நடுக்கத்திலேயே அலை வந்துவிடும். மாமிக்கு இது கைவந்த கலை. காலிக் கோட்டை மதிலில் உச்சி வெயிலில் இருக்க வேண்டாம், நாலு மணிக்குப் பிறகு வெளிச்சவீட்டுப் பக்கம் போங்கள்.

அழிறப்பரை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். மாமி தன்னுடையதைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது காலியில்தான் பிடிபட்டது.